இணைய விதிகளை முடிவு செய்யும் குழுக்களில் ஓட்டு யாருக்கு, பேச்சு யாருக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ கேபிள் டிவியோடு சேர்த்து பிராட்பேண்டும் நடத்துகிறவர்களைக் கேட்டால் இந்தப் பிரச்சினையைச் சொல்வார்கள். மாந்தோப்பில் கேமரா மாட்டிய வாடிக்கையாளர் ஒருவர், நேராக ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) போட்டுப் பார்த்தால் படம் வரவில்லை என்று போன் செய்வார். கேமராவில் கோளாறு இல்லை. ஒரே பொது ஐபி முகவரியைப் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறோம், அதனால் வெளியிலிருந்து அந்தக் கேமராவுக்கு வழி கிடையாது. பங்கு போடாமல் இருக்க முடியாதா என்றால், முடியாது, கையில் இருக்கும் முகவரியே அவ்வளவுதான். ஆசிய பசிபிக் பகுதியின் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் (புதிய வகை ஐபிவி6) கையிருப்பு 2011 ஏப்ரல் 15 அன்றே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அந்தத் தொகுப்பிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரி என்று இருந்தது, 2019-லிருந்து 512.

அந்த 1,024-ஐ 512 ஆக்கியது டெல்லியும் இல்லை, சென்னையும் இல்லை, எந்த நாட்டு நாடாளுமன்றமும் இல்லை. ஏபிநிக் என்ற அமைப்பின் கொள்கைக் குழு. யார் வேண்டுமானாலும் சேரலாம், பேசலாம், எதிர்க்கலாம். கட்டணம் கிடையாது. நம் இரண்டு மாவட்டத்து ஆபரேட்டர்களில் நான் பேசிப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். நம் தொழிலை நேரடியாகத் தொடும் முடிவு திறந்த கதவுக்குள் எடுக்கப்படுகிறது, நாம் வாசலுக்கே போவதில்லை.

இதைச் சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, “சரி, அங்கே எங்களுக்கு ஓட்டு எப்படிக் கிடைக்கும்?” என்பதுதான். அதற்குப் பதில் கொஞ்சம் வித்தியாசமானது. இந்த மாதிரிக் குழுக்களில் பெரும்பாலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கத்தான் ஓட்டு. விதியை முடிவு செய்ய ஓட்டு இல்லை. விதி நிற்பதும் விழுவதும், காலத்துக்குள் எழுதி வைக்கப்பட்ட, யாராலும் பதில் சொல்ல முடியாத காரணத்தால்தான். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் நடைமுறை விஷயம்.

ஏபிநிக்: முதலில் இங்கே போங்கள்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏபிநிக்தான் நம் பகுதிக்கு ஐபி முகவரி ஒதுக்குகிறது. இந்தியாவில் அதன் கீழே, நிக்ஸி என்ற இந்திய இணைய அமைப்பு நடத்தும், முகவரி ஒதுக்கும் ஐஆர்ஐஎன்என் இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன ஆபரேட்டர்கள் முகவரி வாங்குவது ஐஆர்ஐஎன்என்-இடம், அல்லது தங்களுக்கு மேலே இருக்கும் பெரிய நிறுவனத்திடம்.

ஏபிநிக்கில் இரண்டு தனித்தனிக் கதவு இருக்கிறது, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, நிர்வாகக் குழுத் தேர்தல். அது முழுக்க ஓட்டுதான், அதுவும் ஆளுக்கு ஒன்று இல்லை. முகவரி எதுவும் வைத்திருக்காத துணை உறுப்பினருக்கு 1, மிகச் சிறிய உறுப்பினருக்கு 2, சிறியவருக்கு 4, அப்புறம் 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், மிகப் பெரிய உறுப்பினருக்கு 64. வைத்திருக்கும் முகவரியின் அளவை வைத்து இந்தத் தரம். நீங்கள் ஐஆர்ஐஎன்என் வழியாக மட்டும் முகவரி வாங்கியவர், ஏபிநிக்கின் நேரடி உறுப்பினர் இல்லை என்றால், இந்த ஓட்டு உங்கள் பெயரில் இருக்காது. நேரடி உறுப்பினராக இருந்தால், உங்கள் நிறுவனக் கணக்கில் ஓட்டுப் போடும் உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே போய்ப் பாருங்கள். வேலையை விட்டுப் போன பழைய இன்ஜினியரின் மெயில் ஐடி அங்கே உட்கார்ந்திருக்கும். அவர் பெயரை மாற்றாத வரைக்கும் உங்கள் ஓட்டு யாருக்கும் பயன்படாது. தேர்தல் வருடத்தின் முதல் மாநாட்டை ஒட்டி, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும்.

இன்னொரு கதவுதான் நமக்கு முக்கியம், அது கொள்கைக் குழு. இங்கே அந்த 64-க்கு எந்த வேலையும் இல்லை. ஏபிநிக் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதே கிடையாது. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணும் பேசலாம், ஓசூரில் நாற்பதாயிரம் இணைப்பு வைத்திருப்பவரும் பேசலாம், இரண்டு பேருக்கும் ஒரே மைக்.

நடைமுறை இப்படி. ஒருவர் ஒரு முன்மொழிவை எழுதி, திறந்த கூட்டத்துக்கு நான்கு வாரம் முன்பே குழுத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். அது குழுவின் மெயிலிங் லிஸ்ட்டுக்கு (பதிவு செய்த எல்லாருக்கும் மெயில் போகும் பட்டியல்) வரும், அங்கே விவாதம் நடக்கும். அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் மாநாட்டில், திறந்த கொள்கைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள். அங்கே கன்சென்சஸ், அதாவது பொதுவான சம்மதம் வந்துவிட்டது என்று தலைவர் சொன்னால், அதே மாநாட்டின் உறுப்பினர் கூட்டத்திலும் அதைக் கேட்பார்கள். அங்கேயும் தாண்டினால் மறுபடி லிஸ்ட்டில் நான்கு வாரம் கடைசிக் கருத்துக்கு விடுவார்கள். அதுவும் முடிந்தால்தான் நிர்வாகக் குழு ஒப்புதல் தரும். ஆக, ஒரு விதியைத் தடுக்கவோ திருத்தவோ உங்களுக்கு நான்கு இடத்தில் வாய்ப்பு இருக்கிறது: கூட்டத்துக்கு முன் லிஸ்ட்டில், திறந்த கூட்டத்தில், உறுப்பினர் கூட்டத்தில், கடைசி நான்கு வாரத்தில். இதில் முதல் வாய்ப்புதான் பலம் வாய்ந்தது. கடைசியில் புதிதாக ஒன்றைக் கிளப்பினால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

கூட்டம் நடக்கும்போது ஆன்லைனில் ஒரு கருவியைத் திறந்துவிடுவார்கள். வலுவாக ஆதரிக்கிறேன் என்பதிலிருந்து வலுவாக எதிர்க்கிறேன் என்பது வரை அதில் தேர்வு செய்யலாம். முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், அதனால் கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஓடிப்போய் உட்காராதீர்கள். பார்க்க இது ஓட்டு மாதிரியே இருக்கும், ஆனால் ஓட்டு இல்லை. சபையின் மனநிலை என்ன என்று தலைவர் தெரிந்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். எண்பது பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு என்று வந்தாலும், அந்த மூன்று பேர் சொல்வது என்ன என்பதைத் தலைவர் பார்த்தாக வேண்டும். அவர்களின் வழிகாட்டு விதியில் ஆட்சேபத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிலருக்குச் சில சிக்கல் வரலாம் என்பது சிறிய ஆட்சேபம். சமூகத்தின் ஒரு பகுதிக்குப் பெரிய சிக்கல் வரும் என்பது பெரிய ஆட்சேபம், அதைத் தீர்க்க வழி தேடத் தலைவர் போதிய நேரம் ஒதுக்க வேண்டும். நீங்கள் எழுதுவது இரண்டாவது வகையா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்சேபத்தை எப்படி எழுதுவது

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கற்பனை முன்மொழிவை வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்களுக்கு இனி 512 இல்லை, 256 முகவரிதான் என்று யாரோ எழுதுகிறார்கள். நம்மூர் ஆபரேட்டருக்குக் கோபம் வருவது இயல்பு. “இது சின்ன ஆபரேட்டர்களுக்குச் செய்யும் அநியாயம், இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்று எழுதி அனுப்பினால் தலைவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பதில் சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“இது பெரிய ஆட்சேபம். தமிழ்நாட்டின் ஒரு மலையோர வட்டத்தில் 4,000 வீட்டு இணைப்புகளுடன் சேவை தொடங்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 512 முகவரி இருந்தால் ஒரு முகவரியின் பின்னால் ஏறக்குறைய 8 வீடு. 256 ஆனால் 16 வீடு. ஒரு முகவரிக்கு இருக்கும் 65,536 போர்ட்டை (ஒரே முகவரியில் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்கள்) 16 வீட்டுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்குச் சுமார் 4,000-தான் கிடைக்கும், ஐந்தாறு போன், ஒரு டிவி, ஒரு கேமரா இருக்கும் வீட்டில் அது நெருக்கடியான நேரத்தில் போதாமல் போகும். காவல்துறை ஒரு முகவரியைக் கொடுத்து இது யார் என்று கேட்டால் 16 வீட்டில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல, போர்ட் விவரத்துடன் லாக் (பதிவேடு) வைக்க வேண்டும், அந்தச் செலவு சிறிய நிறுவனத்தின் தலையில் விழும். ஐபிவி6 கொடுக்கலாமே என்பீர்கள், கொடுக்கிறோம், ஆனால் வீடுகளில் இருக்கும் பழைய ரவுட்டர்களில் பலவற்றுக்கு அது தெரியாது. எனவே, இன்ன தேதிக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய அளவே தரலாம் என்ற திருத்தத்துடன் வந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.”

இதில் என்ன இருக்கிறது பாருங்கள். கணக்கு இருக்கிறது, யாருக்கு என்ன ஆகும் என்பது இருக்கிறது, எதிராளி சொல்லப்போகும் பதிலுக்கு முன்கூட்டியே பதில் இருக்கிறது, எப்படி மாற்றினால் ஒப்புக்கொள்வோம் என்பதும் இருக்கிறது. கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். வழி சொல்லாத எதிர்ப்பை ஓரம் கட்டிவிடுவார்கள், திருத்தம் சொல்லும் எதிர்ப்பை உட்கார வைத்துப் பேசுவார்கள். உங்கள் உண்மையான எண்களைப் போடுங்கள், அதைவிட வலு வேறு இல்லை. பிரிஸ்பேனிலும் டோக்கியோவிலும் இருப்பவர்களுக்குப் பென்னாகரம் மலைப்பகுதியில் கேபிள் இழுப்பது எப்படியென்று தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இன்னொன்று, ஒரே வாசகத்தை நாற்பது பேரிடம் கொடுத்து நாற்பது மெயிலாக அனுப்பச் சொல்லாதீர்கள். எண்ணிக்கையால் மலைக்க மாட்டார்கள், மாறாக உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. இணையச் சேவைக்கு இணையதளத்தைப் பொறுத்து வேறு வேறு கட்டணம் வைக்கலாமா என்று 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக், சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாக ஒரே வாசகத்தில் லட்சக்கணக்கான மெயில்களைத் தன் பயனர்கள் வழியாக அனுப்ப வைத்தது. அந்த வாசகம் தான் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக இல்லை என்று டிராயே சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை, அப்படிப் பாகுபாடான கட்டணத்தைத் தடை செய்தது. டிராயிலும் ஓட்டு கிடையாது: ஆலோசனைத் தாள் வெளியிடுவார்கள், அதில் எண் போட்ட கேள்விகள் இருக்கும், கருத்து, அதற்கு எதிர்க்கருத்து, அப்புறம் திறந்த கூட்டம். கேள்வி எண்ணைப் போட்டு, அதற்கு நேராகப் பதில் எழுதுகிறவர் தனி ஆளாக இருந்தாலும் எடுபடுவார்.

ஐஇடிஎஃப்: ஓட்டே வேண்டாம் என்று சொன்னவர்கள்

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுவது ஐஇடிஎஃப். 1986-ல் தொடங்கியது. இங்கே உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, நிறுவனப் பிரதிநிதி என்றும் இல்லை, எல்லாரும் தனி மனிதராகத்தான் வருகிறார்கள். 1992-ல் இணையத்தின் ஆரம்பகால வடிவமைப்பாளர்களில் ஒருவரான டேவிட் கிளார்க் அங்கே சொன்னது இன்றும் அவர்களின் அடிப்படை: அரசர், அதிபர், ஓட்டெடுப்பு மூன்றையும் ஏற்க மாட்டோம், ஏறத்தாழ ஒருமித்த கருத்தையும் உண்மையில் ஓடுகிற நிரலையும் நம்புகிறோம்.

நம் கிராம சபையில் தீர்மானம் என்றால் கை தூக்குவார்கள், நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் சபையில் உறுப்பினர் என்பதால் அந்தக் கணக்குக்கு அர்த்தம் இருக்கிறது. ஐஇடிஎஃப்-ல் பட்டியலே இல்லை. பட்டியல் இல்லாத இடத்தில் ஓட்டு வைத்தால், பணக்கார நிறுவனம் ஐம்பது பேரை டிக்கெட் போட்டுக் கூட்டிவந்து கூட்டத்தையே எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அவர்கள் தலையை எண்ணுவதில்லை.

அதற்குப் பதிலாகக் கூட்டத்தில் ஹம் செய்யச் சொல்வார்கள். “இந்த வழி வேண்டும் என்பவர்கள் இப்போது”, அறையில் ஒரு ம்ம்ம் எழும்பும். “வேண்டாம் என்பவர்கள் இப்போது”, இன்னொரு ம்ம்ம். யார் எந்தப் பக்கம் என்று தெரியாது, எத்தனை பேர் என்றும் துல்லியமாகத் தெரியாது, வேண்டுமென்றேதான் அப்படி. ஆன்லைனில் வருபவர்களுக்குத் திரையில் கை தூக்கும் கருவி இருக்கிறது. ஹம்முக்கு அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கும்: எதிர்த்தவர்களைத் தலைவர் கூப்பிட்டு, உங்கள் காரணம் என்ன என்று கேட்பார். அறையில் எடுத்த முடிவு அதோடு முடிவதும் இல்லை, மெயிலிங் லிஸ்ட்டில் போட்டு உறுதி செய்தாக வேண்டும். விமானம் ஏறிப் போக முடியாத நமக்கு இது பெரிய பாதுகாப்பு.

2014-ல் வந்த ஆர்எஃப்சி 7282 என்ற ஆவணத்தை (ஐஇடிஎஃப் வெளியிடும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்) ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்த்தாலும் கன்சென்சஸ் வராமல் போகலாம், ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும் கன்சென்சஸ் வந்திருக்கலாம் என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். முதல் தடவை படிக்கும்போது இது என்ன நியாயம் என்று தோன்றும். அந்த ஐந்து பேர் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் காட்டி, அதற்கு நூறு பேரில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அந்த நூறு பேர் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அதில் தீர்ப்பதற்கு எதுவும் இல்லை. எல்லா ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லப்பட வேண்டும், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. உங்கள் கருத்தை அலசிப் பார்த்து, காரணத்துடன் ஒதுக்கிவிட்டார்கள் என்றால் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள், அதையே திரும்பத் திரும்ப எழுதினால் அப்புறம் நீங்கள் நல்ல விஷயம் சொன்னாலும் படிக்க மாட்டார்கள்.

அலசாமலே ஒதுக்கிவிட்டார்கள் என்றால் மேல்முறையீடு உண்டு. முதலில் குழுத் தலைவரிடம், அப்புறம் அந்தத் துறையின் இயக்குநரிடம், அதற்கு மேல் ஐஇஎஸ்ஜி (துறை இயக்குநர்களின் குழு), அதற்கும் மேல் ஐஏபி (இணையக் கட்டமைப்பு வாரியம்). முடிவு வெளியே தெரிந்து இரண்டு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். லிஸ்ட்டில் நீங்கள் எழுதிய மெயில்தான் உங்கள் சாட்சி, தனிப்பட்ட முறையில் தலைவருக்கு அனுப்பியது சாட்சியாக நிற்காது. எதையும் லிஸ்ட்டிலேயே எழுதுங்கள்.

ஐஇடிஎஃப்-ல் ஓட்டு மாதிரி இருக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று ஐஇஎஸ்ஜி. இறுதிக் கட்டத்தில் அதன் உறுப்பினர்கள் ஒவ்வொரு ஆவணத்தின் மேலும் ஆம், ஆட்சேபம் இல்லை, விவாதிக்க வேண்டும், விலகுகிறேன் என்று நிலை எடுப்பார்கள். ‘விவாதிக்க வேண்டும்’ என்று ஒரே ஒருவர் போட்டாலும், அது தீரும் வரை ஆவணம் நகராது. அதற்கு முன்பு பொது மக்களுக்கான கடைசி அழைப்பு, குழு ஆவணமென்றால் இரண்டு வாரம், வரும். நீங்கள் அங்கே வைக்கும் வலுவான கேள்வியை ஓர் இயக்குநர் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியும்.

இன்னொன்று நாம்காம் என்ற நியமனக் குழு, இதைப் பர்கூர், செட்டிக்கரைக் கல்லூரிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஐஇஎஸ்ஜி, ஐஏபி பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது இந்தக் குழு. ஓட்டுரிமை உள்ள 10 பேரை, விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் கிடையாது. விருப்பம் தெரிவிக்கத் தகுதி மூன்று வழியில் வரும் என்று 2023-ல் வந்த ஆர்எஃப்சி 9389 சொல்கிறது: கடைசி ஐந்து கூட்டங்களில் மூன்றில் கலந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது கடந்த மூன்று வருடத்துக்குள் குழுத் தலைவராகவோ செயலாளராகவோ இருந்திருக்க வேண்டும், அல்லது ஐந்து வருடத்துக்குள் இரண்டு ஆர்எஃப்சி எழுதியிருக்க வேண்டும். முதல் வழியில் ஆன்லைனில் கலந்துகொண்டதும் கணக்கில் வரும். வருடத்துக்கு மூன்று கூட்டம் நடக்கிறது, மார்ச், ஜூலை, நவம்பர். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வீட்டிலிருந்தே தொடர்ந்து மூன்றில் கலந்துகொண்டால் ஒரே வருடத்தில் தகுதி வந்துவிடும். ஆன்லைன் கட்டணம் கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் பதிவு செய்தால் மட்டும் போதாது, ஒரு அமர்விலாவது உள்ளே வந்திருக்க வேண்டும்.

ஐகான்: நேரம் தின்னும் இடம், ஆனால் தமிழுக்கு வேலை இருக்கிறது

டொமைன் பெயர்களின் (இணையதளங்களின் பெயர்கள்) விதிகளைப் பார்ப்பது 1998-ல் தொடங்கிய ஐகான். இங்கே ஓட்டு அடுக்கடுக்காக இருக்கும். ஒரு காலத்தில் நேரடித் தேர்தலே நடத்தினார்கள்: 2000-ல் உலகின் ஐந்து பகுதிகளிலிருந்து சாதாரணப் பயனர்கள் ஆன்லைனில் ஓட்டுப் போட்டு பகுதிக்கொரு இயக்குநரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதோடு அது நின்றுபோனது. இப்போது வாரியத்தில் ஓட்டுரிமை உள்ள 16 பேரில், பயனர்கள் தரப்பு அமைப்பு தேர்ந்தெடுப்பது ஒரே ஒருவரை. இது குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

விதி எழுதும் பணிக் குழுக்களில் மறுபடியும் கன்சென்சஸ்தான். சேரும்போதே நீங்கள் யார், எங்கே வேலை, யார் பணம் தருகிறார்கள் என்று ஓர் ஆர்வ அறிக்கை கொடுக்க வேண்டும், ஒளிக்காமல் எழுதுங்கள். கடைசியில் தலைவர் ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு தரம் போடுவார்: முழுச் சம்மதம், சம்மதம், வலுவான ஆதரவு ஆனால் குறிப்பிடத்தக்க எதிர்ப்பு, கருத்துப் பிளவு. தரம் தவறு என்று தோன்றினால் முதலில் தலைவரிடம் எழுத்தில் சொல்லலாம், அப்புறம் மேலே கொண்டு போகலாம். தோற்றாலும் சிறுபான்மைக் கருத்து என்று உங்கள் அறிக்கையை இறுதி ஆவணத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். மேலே ஓட்டுப் போடப் போகிறவர்கள் அதைப் படிப்பார்கள்.

அந்த மேலே என்பது, பொது டொமைன் பெயர்களின் கொள்கையைப் பார்க்கும் ஜிஎன்எஸ்ஓ கவுன்சில். அது இரண்டு அவையாகப் பிரிந்திருக்கிறது, ஒன்றில் ஐகானோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் தரப்பு 7 ஓட்டு, இன்னொன்றில் மற்றவர்கள் தரப்பு 13. அவைவாரியாக எண்ணுவதால் 7-க்கும் 13-க்கும் ஒரே எடை. மிகப்பெரும்பான்மை என்றால் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது ஒன்றில் நான்கில் மூன்று பங்கும் மற்றதில் பாதிக்கு மேலும். அப்படி வந்த பரிந்துரையை வாரியம் தள்ள வேண்டுமானால் வாரியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். இவ்வளவு கணக்கு எதற்கு என்றால், கவுன்சிலில் உட்காருபவரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு உண்மையான ஓட்டு கிடைக்கும். வணிக நோக்கமற்ற தரப்பில் இலவசமாகச் சேரலாம்: தனி நபருக்கு 1 ஓட்டு, சிறிய அமைப்புக்கு 2, பெரிய அமைப்புக்கு 4. அந்தத் தரப்புக்குக் கவுன்சிலில் 6 இடம். ஒரு நூலக இயக்கமோ ஊர் அறக்கட்டளையோ இருந்தால் அதன் பெயரில் விண்ணப்பிக்கலாம். பிராட்பேண்ட் நடத்துகிறவர்களுக்கு இணையச் சேவை நிறுவனங்களின் தனித் தரப்பு இருக்கிறது, அங்கே போங்கள்.

குழுவில் வாரா வாரம் உட்கார முடியாதவர்கள் பொதுக் கருத்து கேட்கும் காலத்தில் மட்டும் எழுதலாம், அதுவும் பயனுள்ளதே. தமிழுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் இருக்கின்றன. எந்த எழுத்தை அனுமதிப்பது, எது எதோடு குழம்பும் என்பதற்கு விதிகள் எழுதப்படுகின்றன. ஔகாரத்தின் பின்பாதியும் ‘ள’வும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், தமிழ் எண் ‘௧’ பார்க்க ‘க’ மாதிரியே இருக்கும். ஏமாற்று இணையதளம் செய்கிறவனுக்கு இது போதும். இதையெல்லாம் சொல்ல நெட்வொர்க் படிப்புத் தேவையில்லை, ஒரு தமிழாசிரியரால் மிக நன்றாகச் சொல்ல முடியும். ஊத்தங்கரையிலோ அரூரிலோ இருக்கும் ஓர் ஆசிரியர் எழுதும் இரண்டு பக்கம் அங்கே மதிக்கப்படும்.

நேரத்தைச் செலவிட வேண்டாத இடங்கள்

ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வில் ஓட்டு நாடுகளுக்குத்தான். 2012-ல் துபாயில் நடந்த அதன் மாநாட்டில் சர்வதேசத் தொலைத்தொடர்பு விதிகள் ஒப்பந்தத்தில் 89 நாடுகள் கையெழுத்திட்டன, 55 நாடுகள் இடவில்லை, இந்தியாவும் அங்கே கையெழுத்திடவில்லை. அந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல வேண்டுமானால் டெல்லியில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதுவதுதான் வழி. இணைய நிர்வாகம் பற்றிப் பேச ஐ.நா. நடத்தும் ஐஜிஎஃப் மாநாடு, 2008-ல் ஹைதராபாத்தில்கூட நடந்தது, அங்கே முடிவே எடுக்க மாட்டார்கள். ஆட்களைப் பழகிக்கொள்ளப் போகலாம், விதியை மாற்ற அல்ல.

ஆங்கிலமும் கடிகாரமும்

விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், இது உண்மையான தடை. என் யோசனை: முதலில் தமிழில் எழுதுங்கள், காரணம் நேராக வரும் வரை திருத்துங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். அங்கே ஜப்பான்காரரும் இந்தோனேசியாக்காரரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், இலக்கணப் பிழைக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டால், எண்களும் ‘இல்லை’ என்ற சொற்களும் சரியாக வந்திருக்கிறதா என்று கூட ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓர் ‘இல்லை’ விடுபட்டால் நீங்கள் எதிர்த்ததை ஆதரித்ததாகிவிடும்.

நேரம் பெரும்பாலும் யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) போட்டிருப்பார்கள், நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். மதியம் 2 மணிக் கூட்டம் என்றால் நமக்கு இரவு 7.30. கடைசி நாள் இரவு 11.59 வரை என்று இருந்தால் நமக்கு மறுநாள் காலை 5.29 வரை இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்காராமல், காலக்கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், அப்போதுதான் மற்றவர்கள் உங்கள் மெயிலுக்குப் பதில் எழுதவும், அந்தப் பதிலுக்கு நீங்கள் மறுபதில் எழுதவும் நாள் மிஞ்சும்.